ஜாஸ்பருக்கு எடுத்த வசனம்

புத்தாண்டு அன்று காலையில் எங்கள் சபை வெப்சைட்டில் ஜாஸ்பரின் பெயர் வந்தது. முந்தின இரவு ஆராதனையில்தான் போதகர் ஐயா, கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களின் பெயர்களோடு அவன் பெயரையும் வாசித்திருந்தார்.

தாராவியில் எங்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் வருகிற வசனம் அந்த வருஷம் முழுக்க நமக்கு. வர முடியாதவர்களுக்கு வீட்டார் எடுக்கலாம். துபாயில் இருக்கிற மகனுக்கு, ஊரில் படுக்கையில் கிடக்கிற மாமியாருக்கு என்று எடுத்துப் போவார்கள். செத்தவர்களுக்கு மட்டும் யாரும் எடுப்பதில்லை.

இதை வெப்சைட்டுக்குக் கொண்டுவந்தவன் ஜாஸ்பர். சம்பளமில்லாத ஊழியம். நான், அவன், அவன் கூட்டாளி ஹரி, மூன்றே பேர். பட்டனை அமுக்கி ஒரு பெயரைப் போட்டால் அந்தப் பெயரோடு, உள்ளே வசனம் வைத்த ஒரு காகித உறை எல்லோரும் பார்க்கிற பேஜில் வரும். உரியவர் தன் போன் நம்பரைப் போட்டுப் பிரிக்கும் வரை அது மூடியே இருக்கும். பிரித்தால் காகிதம் கிழிகிற சத்தம் கேட்கும். செம்பூரில் என் வீட்டில் உட்கார்ந்து, என் கரண்ட் பில் வந்த உறையைக் கிழித்துத்தான் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தான். பில்லும் சேர்ந்து கிழிந்தது. அன்றைக்கு அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

நெட் சிக்கிக்கொண்டால் மற்ற வெப்சைட்டுகளில் இங்கிலீஷில் ஏதோ வரும். எங்களுடையதில், "கொஞ்சம் பொறுங்க, இந்தா வந்துட்டேன் – ஜாஸ்பர்" என்று வரும். சபைக்கு ஒரு மரியாதை வேண்டாமா, எடுத்துத் தொலை என்றேன். சிரித்தானே தவிர எடுக்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழைக்காலத்தில் முலுண்டுக்கு ஆபீஸ் போனவன் திரும்பவில்லை. கழிமுகப் பாலத்தருகே பை மட்டும் கிடைத்தது. உடல் கிடைக்கவில்லை. இனியும் இழுத்தால் அவன் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிடும், பெயரை வாசித்து ஜெபித்துவிடலாம் என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். அவன் அம்மா தங்கபுஷ்பம் பெரியம்மாவும் தலையாட்டினாள். வாசித்தபோது அவள் அழவில்லை. அட்டைத் தட்டுப் பக்கம் வராமல் நேரே வெளியே போய்விட்டாள்.

காலையில் முதலில் பார்த்தவன் ஹரி. வீட்டில் இந்தி பேசுகிறவன். தமிழ் பேசுவான், படிக்கத் தடவுவான். அந்த ஒரு பெயரை மட்டும் எழுத்துக் கூட்டாமலே படித்திருக்கிறான்.

"யக்கா, பேஜப் பாத்தியளா? ஜாஸ்பர் கா நாம் ஆயா ஹை, அவன் பேரு வந்திருக்கு."

"ஏல, இது ஒன் வேலையா? செருப்பு பிஞ்சிரும்."

"கசம் சே, சத்தியமா, யக்கா. நான் தொடவே இல்ல."

திறந்து பார்த்தேன். மூடிய உறை, அதன் மேல் அவன் பெயர். பேஜை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். பயமா ஆசையா என்று கேட்டால் இரண்டும்தான். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அவனே பட்டனை அமுக்கியிருக்கிறான் என்று தோன்றியது. தோன்றியதும் அந்த அறைக்கு ஒரு ஜன்னல் வந்தது. மின்விசிறி வந்தது. கயிற்றில் அவன் நீலச்சட்டை காய்ந்தது.

போதகர் ஐயா போன் செய்தார். "எப்சிபா, அந்த அம்மா பாக்குமுன்ன அத அழிச்சிரும்மா. நேத்துதான் வாசிச்சிருக்கோம்."

"யார் எடுத்ததுன்னு தெரியாம அழிக்க மாட்டேன், ஐயா" என்று வெட்டிவிட்டேன்.

எந்த போனிலிருந்து எடுத்தது என்று ஹரி தேடிப் பார்த்தான். நம்பருக்குரிய பெயர் பரீஹா. எங்கள் சபையில் அப்படி யாரும் இல்லை. பயல் ஒரு பெண்ணோடு போய்விட்டானா? போகட்டும். எங்காவது குடித்தனம் நடத்திக்கொண்டு இருக்கட்டும். நாலு அறை விட்டுக் கூட்டி வந்துவிடுகிறேன், உயிரோடு மட்டும் இருக்கட்டும் என்று ஆண்டவரிடம் பேரம் பேசிக்கொண்டே நம்பரை அமுக்கினேன்.

"ஜாஸ்பரா?" என்றது ஒரு சின்னப்பெண்ணின் குரல். "அது பக்கத்து வீட்டு ஆன்ட்டி எடுத்தாங்க. என் போன்லதான். சீத்தா கேம்ப்லேர்ந்து பேசுறேன்."

தங்கபுஷ்பம் பெரியம்மா இருப்பது சீத்தா கேம்ப்பில்தான். கயிற்றில் காய்ந்த சட்டை போய்விட்டது. எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. ஊரையே கலங்கடித்துவிட்டு இவள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாளே என்று டிராம்பே பஸ்ஸில் ஏறினேன். போகிற வழியெல்லாம் கேட்க வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பெரியம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "வா ளா, உக்காரு" என்றாள்.

"நீங்களா பெரியம்மா எடுத்தது?"

"நாந்தான்."

"பேர வாசிக்கச் சம்மதிச்சியளே."

"அது சபைக்கு. எம் மூஞ்சியப் பாத்துப் பாத்து அவியளுக்கும் அலுத்துப்போச்சுல்லா. நிம்மதியா இருக்கட்டும்னு தலையாட்டுனேன். இது அவனுக்கு."

"தட்டுல எடுத்திருக்கலாமே."

"தட்டுல எடுத்தா எங்கையிலதான இருக்கும்? அவன் செஞ்சது நல்லா நடக்கான்னு எங்க கெடந்தாலும் ஒரு தரம் தொறந்து பாப்பாம்லா. பாக்கும்போது, நமக்கு ஒருத்தரும் எடுக்கலையேன்னு நெனச்சிரக் கூடாது."

அதுவரை நின்றுகொண்டிருந்த நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பரீஹா புள்ளதான் அமுக்கித் தந்தா. இங்க நெட்டு நின்னு நின்னு போவும். நிக்கும்போதெல்லாம், இந்தா வந்துட்டேன்னு எழுதிருந்தான். அதுக்காவவே இன்னும் ரெண்டு தரம் அமுக்கச் சொன்னேன்."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. மீன் கையைக் கழுவிவிட்டு வந்து முந்தானையை நீட்டினாள்.

"அழிச்சிருவியா ளா?"

"மாட்டேன், பெரியம்மா."

ஐயாவிடம் சொன்னேன். மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும் என்றார். எந்த மாசம் என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பீடை பிடித்துக்கொண்டது. காலையில் டீ போடுவதற்கு முன்னால் அந்தப் பேஜைத் திறந்து உறை பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். ஹரியும் பார்க்கிறான். "இன்னைக்கும் பந்த் ஹை, யக்கா, மூடியேதான் இருக்கு" என்று ஒருநாள் தானாகவே சொன்னான். வீட்டில் யாராவது தபாலைக் கிழித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

நேற்று நல்ல மழை. ரயிலில் நின்றுகொண்டே பேஜைத் திறந்தேன். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. உறை வரவில்லை.

"கொஞ்சம் பொறுங்க, இந்தா வந்துட்டேன் – ஜாஸ்பர்."

குர்லாவில் இறங்கி ரயில் மாற வேண்டியவள் நான். பின்னாலிருந்து இடித்தார்கள், திட்டினார்கள். அந்த வரியைப் பார்த்தபடி இறங்காமல் நின்றேன்.