தங்கச்சி ஒட்டிக்கொடுத்த இசைத்தட்டுகள்

1

இது நானாக யோசித்த கதை இல்லை. காலையில் தங்கச்சி போனில் அழுதாள். அவள் வைத்ததும் பத்திரிகை ஆசிரியர், கதை எங்கே என்று போனில் கத்தினார். பக்கத்தை வேறு எதைப் போட்டு நிரப்புவது?

தொடக்கம்: "மாலைச் சூரியன் ஓர் இசைத்தட்டைப் போல..."

(அடித்துவிட்டேன். சூரியன் பாட்டுக்குப் போகட்டும்.)

2

மாப்பிள்ளை, அதாவது தங்கச்சியின் கணவர், இசைத்தட்டுகளை ரம்பத்தால் அறுப்பார். தாலாட்டில் பாதி, மேடைப்பேச்சில் பாதி எடுத்து ஒரே தட்டாக ஒட்டிச் சுழலவிடுவார். ஊசி துள்ளும், கீறும், அலறும். கேட்டால் இரைச்சல் இசை என்பார். இதைக் கேட்கவும் கூட்டம் வருகிறது. (நம்பும்படியான பாத்திரமா? எனக்கும் சந்தேகம்தான். கட்டிக்கொடுத்தாயிற்று, இனி மாற்ற முடியாது.)

தங்கச்சி பல்செட் செய்பவள். உடைந்து வந்தால் விரிசல் தெரியாமல் ஒட்டித்தருவாள். கல்யாணமானதிலிருந்து அவர் நிகழ்ச்சிக்குப் போகாதவள், இந்த முறை வருவதாகச் சொல்லியிருந்தாள். கூடவே அவருக்குத் தெரியாமல் ஓர் உபகாரமும் செய்தாள். எல்லாத் தட்டுகளையும் பிரித்து, தாலாட்டைத் தாலாட்டோடும் பேச்சைப் பேச்சோடும் சேர்த்துவிட்டாள்.

"பாவம், அவருக்கு ஒட்டத் தெரியாமத்தான் தட்டு இப்படிக் கத்துதுன்னு நினைச்சேண்ணா," என்று போனில் அழுதாள்.

மாலை நிகழ்ச்சிக்காகக் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்த மாப்பிள்ளை, அதை அப்படியே மூடித் தூக்கிக்கொண்டு அரங்குக்குக் கிளம்பிவிட்டாராம்.

3

மாலையில் அரங்குக்குப் போனேன். மேடைக்குப் பின்னால் அவர் நெஞ்சில் புயல்...

(புயல் எல்லாம் இல்லை. வியர்த்திருந்தது, அவ்வளவுதான்.)

"அவ ஒட்டினதை உடைச்சாத்தான் நிகழ்ச்சி நடக்கும் மச்சான். ஆனா அவ முன் வரிசையில உட்கார்ந்திருக்கா."

முடிவு அ: உடைக்கிறார். கைதட்டல். தங்கச்சி எழுந்து போகிறாள். (வாசகிகள் என்னை உடைப்பார்கள்.)

முடிவு ஆ: தாலாட்டு முழுசாக ஒலிக்கிறது. கூட்டம் எழுந்து போகிறது. தங்கச்சி மட்டும் கைதட்டுகிறாள். (பாவமாக இருக்கிறது.)

4

உண்மையில் அவர் ஊசியை வைத்தார். தாலாட்டு இனிமையாக வந்தது. ஒட்டு வந்த இடத்தில் 'டக்'. ரம்பம் தின்ற தூளை எந்தப் பசையாலும் திருப்பித்தர முடியாதே. பாதிச் சுற்றில் மறுபடி 'டக்'. ஒவ்வொரு டக்குக்கும் தங்கச்சி, தன் வேலையில் குறை கண்டவளாக, முகம் சுளித்தாள். அதை மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அவர் கை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை நோக்கிப் போனது.

இதுவரை எழுதியதைத் தங்கச்சியிடம் படித்துக்காட்டினேன்.

"இதோட நிறுத்திக்கண்ணா. மிச்சம் எங்க விஷயம்."

நிறுத்திவிட்டேன். ஒலியைக் கூட்டினால், அவள் ஒட்டின ஒட்டின் 'டக்'கே அன்றைய இசை. ஊரறிய அவள் பிழையும் அதுதான். குறைத்தால் பிழை மறையும், கூடவே நிகழ்ச்சியும் போகும். குமிழ் இனி உங்கள் கையில். திருப்பும் முன் முன் வரிசையை ஒருதரம் பாருங்கள்.