ஒன்றரை மைல் பிசகு

எந்தக் கிராமம் ஆந்திராவில் நிற்கும், எது சென்னை ராஜ்யத்துக்குப் போகும் என்று சித்தூர் ஜில்லாவே கடைத்தெருவில் அடித்துக்கொண்டிருந்த காலம். கோவர்த்தனனுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் கவலையெல்லாம் ஒரு சைக்கிளின் முன்சக்கரத்தில் இருந்தது.

திருப்பதியில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். மனைவி தாட்சாயணி இறந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதன் பிறகு வகுப்பில் தவிர வேறெங்கும் அவன் அதிகம் வாய் திறப்பதில்லை. பழைய கடிகாரப் பற்சக்கரங்களைக் கோத்து ஒரு மைல் மீட்டர் செய்தான். முன்சக்கரம் ஒருமுறை சுற்றினால் அதன் கம்பியில் கட்டிய முளை மீட்டரை ஒரு தட்டுத் தட்டும். ஓர் எண் உருளை ஒன்பதைத் தாண்டிப் பூஜ்யத்துக்கு வரும்போது பக்கத்து உருளையை ஒரு படி தள்ளிவிடும். மூளையே இல்லாத இரும்பு 'மீதி ஒன்று' வைத்துக்கொள்கிறதே, கணக்குப் போடும் இயந்திரங்களுக்கெல்லாம் இதுதான் மூலம் என்பது அவன் கட்சி. அதைத்தான் ஆராய்ச்சி செய்ய விரும்பினான்.

துறைத் தலைவர் வேதாச்சலம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எல்லை எங்கே இருக்குன்னு சர்க்காருக்கே தெரியலை. உன் சக்கரம் அளந்துடுமா? சித்தூர்லேர்ந்து இங்கே ஓட்டிக் காட்டு. ரோட்டு மைல்கல்லோட ஒத்துப்போனா திங்கட்கிழமை கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா பேசாம அல்ஜீப்ரா நடத்து."

சனிக்கிழமை வகுப்பு இருந்ததால் ஓட்டும் வேலை தாட்சாயணியின் தம்பி ரங்கனுக்குப் போயிற்று. அவன் சித்தூர் வெல்ல மண்டியில் வேலை பார்ப்பவன். பொழுது சாயும் நேரத்தில் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினான். மீட்டர் மைல்கல்லைவிட ஒன்றரை மைல் கூடுதலாகக் காட்டியது.

கோவர்த்தனன் சக்கரத்தை நூல் பிடித்து அளந்தான். டயரை அழுத்திப் பார்த்தான். மீட்டரைக் கழற்றினான். ரங்கன் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான்.

"ரங்கா, குறுக்கு வழியில வந்தியா?"

"குறுக்க வந்தா கம்மியால்ல காட்டும்? படிச்சவரு நீதானே மாமா."

"எங்கயாவது நின்னியா?"

"பாகாலாவுல டீ குடிச்சேன். நின்னா சக்கரம் சுத்துமா இன்னா?"

"சுத்தாது."

"அப்புறம் வழியில சாமி கும்புட்டேன். ரோட்டோரம் ஒரு புள்ளையாரை வுடலையே!"

"கும்பிட்டா மைல் ஏறாது."

"சும்மா கும்புடுவாங்களா? மூணு சுத்து சுத்திட்டுத்தான் கிளம்பினேன்."

கோவர்த்தனன் கையில் திருப்புளி நின்றது. "அப்போ சைக்கிள் எங்கே இருந்தது?"

"என் கையிலதான். தள்ளிக்கினே சுத்தினேன். மீட்டரு புதுசாச்சே மாமா! புது வண்டி வந்தா கோயிலைச் சுத்திக் காட்ட மாட்டோமா? அதுக்கும் எண்ணிக்கை நல்லா வரணும்ல. அக்கா இருந்தா அதுவே வந்து சுத்தியிருக்கும்."

கோவர்த்தனன் மீட்டரின் மேல் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. ரங்கன் பயந்துபோய் இட்லியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். சிரிப்பு.

மறுநாள் மீட்டரை மறுபடி பூட்டி, முதல் பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றி இருவரும் சித்தூர் போனார்கள். திரும்பும்போது கோவர்த்தனனே ஓட்டினான். வாடகை சைக்கிளில் ரங்கன் கூட வந்தான். ஊர் எல்லையில் முதல் பிள்ளையார் கோயில் வந்ததுமே ரங்கன் குதித்து இறங்கினான்.

"வுட்டுட்டுப் போகாத மாமா. நேத்து சுத்தினதும் வீணாப் பூடும்."

கோவர்த்தனன் மைல்கல்லைப் பார்த்தான். பிள்ளையாரைப் பார்த்தான். இறங்கி, முன்சக்கரம் தரையில் படாமல் ஹாண்டில்பாரைத் தூக்கிப் பிடித்தபடி, பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டு மூன்று முறை சுற்றினான்.

பூக்காரி வாயைப் பிளந்தாள். "ஏமய்யா, பஞ்சரா?"

"இல்லம்மா, காலேஜ் வாத்தியாரு" என்றான் ரங்கன்.

அதற்குப் பிறகும் அந்த ரோட்டில் கோயில்களுக்குக் குறைவில்லை. ரங்கனும் ஒன்றையும் விடவில்லை; ஒவ்வொன்றிலும் கோவர்த்தனன் ஹாண்டில்பாரைத் தூக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை வேதாச்சலம் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோட்டுக் கணக்கும் அதுவும் ஒத்துப்போயின. அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். வாங்கிய கை கிடுகிடுவென்று நடுங்கியது.

"என்னப்பா, இவ்வளவு பயமா?"

"இல்லை சார். வழியில் கோயில் அதிகம்."

"பரவாயில்லை, பக்தி இருக்கு" என்றார் அவர்.