சூசை வேடத்தில் சுகுமாறன்

வீட்டு வாசலில் கார் ஹார்ன் விடாமல் அலறியது. ஃபெலிசியா ஜன்னல் வழியே பார்த்தாள். ரேமண்ட் அங்கிள். பாசிர் கூடாங்கிலிருந்து ஸ்கூடாய்க்கு, இந்த நெரிசலில், அவர் சும்மா வரமாட்டார்.

காரணம் அவள் போனில் இருந்தது. லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை விட்டுச் சிதறிப்போன சனத்துக்காக அவள் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறாள். வாரம் ஒரு பழைய படம் போட்டு, 'இது யாரு, சொல்லுங்க' என்பாள். பேர் சொல்ல வருகிறவர்கள் கதையும் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த வாரம் தோட்டத்து மாதா கோயிலில் நடந்த கிறிஸ்துமஸ் நாடகம். மரியாவாக நிற்பது ரேமண்டின் மனைவி டொரத்தி, கல்யாணத்துக்கு முந்தைய வயதில். மரியாவின் கணவர் சூசையப்பராக நடிக்க வேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட, பக்கத்து லயத்து வீட்டு இந்துப் பையன் சுகுமாறனைப் பிடித்து, ஒட்டுத்தாடி வைத்து நிறுத்தியிருந்தார்கள்.

'நாடகம் முடிஞ்சும் சூசை மரியாவ விடலையே லா' என்று ஒருவர் எழுதினார். சிரிப்பு முகங்கள் குவிந்தன. கூட்டம் சேரட்டுமே என்று ஃபெலிசியா அந்த வரியை எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்திவைத்தாள். அதன்பின் ஆளாளுக்கு, இருவரும் ஒளிந்து பேசிய இடம், டொரத்தி தன் அப்பாவிடம் வாங்கிய அடி என்று போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள். 'பாவம் சுகுமாறன், மறு வருசமே லோரியில அடிபட்டுச் செத்துப்போயிட்டான்' என்று யாரோ எழுதியது அந்தச் சிரிப்புக்கு அடியில் எங்கோ போய்விட்டது.

ரேமண்ட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"ஆன்ட்டி எப்படி இருக்காங்க, அங்கிள்?"

"ஞாயித்துக்கிழம பூசைக்கு வரல. எங்களுக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து இதான் மொத தடவ. நான் மட்டும் போனேன். வாசல்ல ஒருத்தன், 'என்ன ரேமண்ட், சூசையப்பர் சௌக்கியமா'ங்கிறான்."

"மன்னிச்சிருங்க அங்கிள். இப்படி ஆவும்னு நான் நெனைக்கல."

"நெனைக்கல, சரி. ஆனப்ப பாத்துகிட்டுதானமா இருந்த?"

பின்னூட்ட எண்ணிக்கை ஏற ஏற, வேலைக்கு நடுவிலும் போனை எடுத்துப் பார்த்துப் பூரித்தவள்தான் அவள்.

"எடுத்துரு," என்றார்.

அவள் படத்தைத் திறந்து விரலை வைத்தாள். அழித்துவிடவா என்று போன் கேட்டது.

"இரு." ரேமண்ட் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மொதல்ல எனக்கு அனுப்பு. டொரத்திகிட்ட அந்தப் பையன் படம் ஒண்ணுகூடக் கெடையாது."