கீழிருந்து பார்த்த படம்

எங்கள் வீட்டுக் குளியலறையில் வெஸ்டர்ன் டாய்லெட் வைப்பதென்று முடிவானபோது நான் சொன்ன காரணம் முட்டி. பொய்யில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடியே ஒயர்களைச் சோதிக்கிற வேலை எனக்கு. நாற்பத்திரண்டு வயதில் குந்தி எழுவதற்குள் குழாய், வாளி, சுவர் என்று எல்லாவற்றையும் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆனால் முட்டி பாதிக் காரணம்தான். மீதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஒரு கதவு வேண்டும். சாத்தினால் சாத்திக்கொள்கிற கதவு. அதற்குப் பின்னால் அவசரமில்லாமல் உட்கார ஓர் இடம்.

கம்பெனியில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் என்று ஒரு பெண் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் நகரலாம். ஏழு நிமிடம். திரும்பி வரும்போது ஏழா எட்டா என்பது அவள் முகத்திலேயே தெரிந்துவிடும். வீட்டிலோ, தாழ்ப்பாள் சேராத கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நான் குந்தியிருக்கும்போதுதான் என் மாமியார் சொர்ணம்மாளுக்கு உலகத்து விஷயமெல்லாம் நினைவுக்கு வரும்.

"கனகம், புளிய எங்கடி வச்ச?"

சொன்னாலும் போக மாட்டார். "அதுல இல்லியே" என்று திரும்பி வருவார்.

இதையெல்லாம் ஒரு காரணம் என்று சொல்ல முடியுமா? முட்டி என்றால் டாக்டர் சீட்டு இருக்கிறது. தனியாக இருக்க ஆசை என்பதற்கு எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார்.

என் கணவர் வெங்கடேசன் வல்லம் வடகாலில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலுள்ள ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர். பிரேக்கில் போடுகிற சின்ன இரும்புத் துண்டுகளை அளந்து பார்ப்பது வேலை. அது வேலையோடு நிற்பதில்லை. தோசையைத் தூக்கிப் பார்த்து, "இந்தப் பக்கம் திக்னஸ் ஜாஸ்தி கீது" என்பார்.

வேலைக்கு வந்த பிளம்பர் வனமாமலை திருநெல்வேலிப் பக்கம். நானும் கணவரும் ஷிஃப்டுக்குப் போய்விடும் நேரத்தில் வேலை தவறாமல் நடக்க வேண்டுமென்று, வெங்கடேசன் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு படம் வரைந்து கொடுத்தார். சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடுப்புள்ளிக்கு இருநூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர். கூடுதலோ குறைவோ அரை மில்லிமீட்டர்தான் அனுமதி.

"எம் பென்சில் கோடே ரெண்டு மில்லி இருக்கும் சார்" என்றார் வனமாமலை.

"அப்ப பென்சில சீவு" என்றார் இவர்.

அன்று காலை ஷிஃப்ட் முடிந்து நான் திரும்பியபோது குழாய் பதித்து, வாயில் சிமென்ட் பைக் காகிதம் சுற்றியிருந்தது. பார்த்ததும் என்னவோ உறுத்தியது. எட்டடிக்கு நாலடி அறை. கதவு வலது ஓரத்தில் இருக்கிறது, உள்பக்கமாகத் திறக்கும். குழாய் இடது மூலையில் வர வேண்டும் என்றுதான் பேச்சு. இது வலது மூலையில், கதவு வந்து இடிக்கிற இடத்தில் இருந்தது.

"இதுவா எடம்?"

"படத்துல இருக்க எடந்தான் அக்கா. சார் கீழ கையெழுத்தே போட்டிருக்காவ, பாருங்க."

காகிதத்தின் மூலையில் இங்கிலீஷில் இரண்டு எழுத்து இருந்தது. பி.வி. மாமனார் பெயர் பலராமன். ஆகவே பி.வெங்கடேசன். எனக்கும் கையெழுத்தாகத்தான் தெரிந்தது.

சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்த வெங்கடேசன் குழாயைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார்.

"இன்னாபா இது? பி.வி.னு போட்டுக்கீறேன்ல?"

"உங்க பேருதானே சார்?"

"பேரா? பாட்டம் வியூபா! கீழ இருந்து பாக்கற படம். பைப்பு கீழதான போவுது? கனெக்ஷன் பூரா கீழதான? அப்ப கீழ இருந்துதான் வரையணும். எங்க கம்பெனில அப்டித்தான்."

வனமாமலை காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இப்பம் சரியாத்தான் இருக்கு சார். ஆனா இப்படிப் பாக்கணும்னா நான் பூமிக்குள்ள போயி மல்லாக்கல்லா படுக்கணும்?"

"கதவு இந்தப் பக்கம் இருக்கறது உனக்குத் தெரியல?"

"படத்துல கதவே இல்லியே சார்."

வெங்கடேசன் காகிதத்தை வாங்கித் தேடினார். இல்லை. "கதவு ஸ்கோப்ல இல்ல" என்றார், சற்றுத் தணிந்த குரலில்.

மாமியார் அடுக்களையிலிருந்து வந்தார். பகல் முழுக்க மேற்பார்வை அவர்தான். "என்னிய ஏன்டா பாக்கற? ஓட்ட போடச் சொன்ன, போட்டான். ஓட்டைக்கு சோத்தாங்கை, பீச்சாங்கைன்னு எழுதியா ஒட்டிக்கீது?"

நான் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து குழாய்க்கு மேல் போட்டு உட்கார்ந்தேன். "கதவச் சாத்துங்க" என்றேன். சாத்தினார். கதவு வந்து என் முட்டியில் இடித்து நின்றது. நான்கு விரல் இடைவெளி. அதன் வழியாக மாமியாரின் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"நல்லாத்தான கீது?" என்றது பாதி மூக்கு.

"கதவ வெளிய தொறக்கற மாதிரி மாத்திடலாமா?" என்றார் வெங்கடேசன். உடனே அவரே திரும்பிப் பார்த்தார். வெளியே அடுப்பு மேடை. வெளிப்பக்கம் திறந்தால் கதவு குழம்புச் சட்டியில் இடிக்கும்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "டீவியேஷன்ல பாஸ் பண்ணிடலாம்" என்றார்.

அளவு தவறிய துண்டைக் கழித்துப் போட மனமில்லாதபோது மேலே ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். கம்பெனியில் அதற்குத்தான் அந்தப் பெயர். எங்கள் குடித்தனத்திலும் நிறைய விஷயங்கள் அப்படித்தான் போயிருக்கின்றன. கையெழுத்துப் போட்டவள் எப்போதும் நான்தான். அதனால் அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சலாகக்கூட இல்லை, பழக்கமாக.

"முழுசா சாத்தலன்னா இன்னா கனகம்? வூட்ல யாரு கீறாங்க, நாமதான? உனக்கு முட்டி மடங்காம உக்காரணும். அவ்ளோதான?"

அவ்வளவுதானா? நான் சொன்னது அவ்வளவுதான். முட்டிக்குக் கதவைப் பற்றி என்ன கவலை? திறந்திருந்தாலும் அது மடங்காமல் உட்காரும். நான் முன்னால் நிறுத்திய காரணமே இப்போது என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. சரி என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த நான்கு விரல் இடைவெளி கண்ணில் பட்டது. சாகும்வரை அதில் ஒரு பாதி மூக்கு இருக்கும்.

"எனக்குக் கதவு சாத்தணும்" என்றேன்.

"சாத்திக்கினு உள்ள இன்னாடி பண்ணப்போற?" என்றார் மாமியார்.

"ஒண்ணும் பண்ணாம இருக்கப்போறேன்."

சொன்ன பிறகுதான் உடம்பு கூசியது. மூன்று பேர் முன்னால் எதையோ அவிழ்த்துவிட்ட மாதிரி. வெங்கடேசன் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. எந்தக் கருவியால் அளப்பதென்று தெரியாத ஒரு துண்டு கையில் வந்துவிட்டால் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

வனமாமலைதான் முதலில் பேசினார். "அக்கா சொல்லுதது நெசம் சார். எங்க ரூம்ல பதினோரு பேரு, ஒத்தக் கக்கூஸு. கதவச் சாத்துன பொறவு அஞ்சு நிமிசம் நாந்தான் ராசா. வெளிய எவன் தட்டுனாலும் பதிலே சொல்லமாட்டேன்."

"பதினோரு பேருக்கு அது சரி. இங்க மூணு பேருதான?" என்றார் மாமியார்.

"மூணு பேர்ல ஒருத்தி நான் அத்த" என்றேன். அதற்கு என்ன அர்த்தமென்று எனக்கே தெரியவில்லை.

"அப்போ முட்டி?" என்றார் வெங்கடேசன்.

"முட்டியுந்தான்."

"இத மொதல்லயே சொல்லிக்கலாம்ல? கதவையும் டிராயிங்ல போட்டிருப்பேனே."

அவர் குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். இருபது வருடத்தில் நான் அவருக்குக் கொடுத்த அளவுகள் எல்லாமே இப்படிக் கதவு இல்லாத படங்கள்தானோ என்று தோன்றியது. 

சிமென்ட் இன்னும் இறுகவில்லை. வனமாமலை உளியை எடுத்தார். வெங்கடேசன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தானும் ஒரு கடப்பாரையோடு இறங்கினார். ஒரு மணி நேரத்தில் குழாய் வெளியே வந்துவிட்டது. பிறகு அவர் கை பழக்கத்தில் காகிதத்தைத் தேடியது.

"படம் வேண்டாம் சார்" என்றார் வனமாமலை. "அக்கா உக்காரட்டும்."

நாற்காலியை இடது மூலையில் போட்டு உட்கார்ந்தேன். "கைய நல்லா வீசுங்க. காலை நீட்டுங்க. இடிக்குதா?" என்று கேட்டுக்கேட்டு, நாற்காலிக்கு அடியில் செங்கல் துண்டால் ஒரு வட்டம் போட்டார். வெங்கடேசனால் பொறுக்க முடியவில்லை. டேப்பை வைத்து அளந்தார்.

"இருநூத்தி அம்பது வருதுபா."

"சொவத்துல பூச்சும் டைல்ஸும் வரணும்லா? அதுக்கும் சேத்துத்தான்."

வெங்கடேசன் டேப்பைச் சுருட்டிக்கொண்டார். பூச்சும் டைல்ஸும் படத்தில் இல்லை என்பதை எங்கள் யார் முகத்திலும் தேடாமல் ஜன்னலைப் பார்த்தார்.

"கதவச் சாத்திப் பாருங்கக்கா."

மூவரும் வெளியே போனார்கள். நான் சாத்தினேன். முந்தின நாளே மாட்டச் சொல்லியிருந்த புதுத் தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் மணல், பழைய டாய்லெட்டின் உடைந்த பீங்கான், ஈரச் சிமென்ட் வாசனை. காலை நீட்டினேன். எதிலும் இடிக்கவில்லை.

"இன்னா, சரியா கீதா?" என்றார் வெங்கடேசன் வெளியிலிருந்து.

"பாத்துக்கினு கீறேன்."

பிறகு, "முட்டிக்கும் கதவுக்கும் நடுவுல எவ்ளோ கேப் வருது?" என்றார்.

"அளந்துக்கினு கீறேங்க" என்றேன்.

டேப் அவரிடம்தான் இருந்தது.