குழாயிலிருந்து நாலடி

தம்பி அருள்பிரகாஷ் பழைய காலத்து ஒலிப்பதிவு இயந்திரம் ஒன்றைப் பழுது பார்த்து, பொங்கல் கழிந்த வாரம் குத்தாலத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். மைக் கிடையாது, மின்சாரமும் கிடையாது. அகன்ற தகரக் குழாய்க்குள் பாடினால் அதன் மறுமுனையில் உள்ள மெல்லிய தகடு அதிரும். தகட்டில் பொருத்திய ஊசி, சுழலும் மெழுகு உருளையில் பாட்டைக் கீறும். உருளை இரண்டு வாங்கியிருந்தான். ஒன்று பஸ்ஸிலேயே உடைந்துவிட்டது.

மாதா கோயில் பாடல் குழுவை இருபத்திரண்டு வருடமாக நான் நடத்துகிறேன். அவன் மனைவி சான்ட்ரா குழுவில் சேர்ந்து எட்டு மாதம். ஆனாலும் தரையில் அவன் சாக்பீஸால் கோடு போட்டபோது, அவளுக்குக் குழாயிலிருந்து ஓரடி, எனக்கு நாலடி.

“உன் குரல் கனம்க்கா. கிட்ட நின்னா ஊசி தாங்காது.”

“பொண்டாட்டி குரல் மட்டும் பூவோ?”

“நான் வேணா பின்னாடி நிக்கிறேன் அண்ணி,” என்றாள் சான்ட்ரா. அவளுடைய இந்தப் பெருந்தன்மைதான் எனக்கு ஆகாது.

பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் ஓயும்வரை காத்திருந்து ஆரம்பித்தோம். உச்சத்துக்குப் போகும்போது தலையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். சான்ட்ரா இழுத்தாள். நான் இரண்டடி முன்னே போய், அவள் தோளுக்கு மேலாக முழுக் குரலில் பாடினேன்.

போட்டுக் கேட்டால், அந்த இடத்தில் கரகரவென்று ஓர் அலறல். ஊசி தாவியிருந்தது. அருள் உருளையையே கவனித்துக்கொண்டிருந்ததால் என்னைப் பார்க்கவில்லை.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, பின்னாடி சாயணும்னு,” என்று அவளைக் கடிந்தான்.

“சாஞ்சேங்க,” என்றவள் என்னைப் பார்த்தாள். நானே சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. நான் என் நாலடிக் கோட்டில் போய் நின்றுகொண்டேன்.

அவன் உருளையின் மேற்பரப்பைச் சீவி மறுபடி வழவழப்பாக்கினான். “இதுக்கு மேல சீவ மெழுகு இல்ல. இதான் கடைசி. அக்கா, உனக்கு அடக்கிப் பாடத் தெரியும், நீ முன்னாடி வா. சான்ட்ரா, நீ நாலடிக்குப் போ.”

அடக்கித்தான் பாடினேன். என் குரல் அச்சாக விழுந்திருந்தது.

சான்ட்ரா குழாயருகே குனிந்து கடைசிவரை கேட்டாள். “என்னுது எங்கங்க?”

“உள்ள சன்னமா இருக்கும்,” என்றான் அவன்.

குழுவில் யார் குரலையும் பிரித்துச் சொல்லிவிடுவேன் நான். அவள் குரல் அதில் இல்லை.

“இருக்கும்மா, எனக்குக் கேட்டுச்சு,” என்றேன்.

“உங்களுக்குக் கேக்கும் அண்ணி,” என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் பாட வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்றாளாம்.