களம் காலியில்லை

ஃப்ரீசர் பெட்டியில் வைப்பதற்குமுன் அப்பாவின் பாதங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் விண்ணரசி. குதிகால் வெடிப்பில் உமி சிக்கியிருந்தது. தேய்த்தும் வரவில்லை. அப்படியே காலுறையை மாட்டிவிட்டாள்.

அப்பா சகாயநாதன் விடியலில் நெல்லை அவித்து இறக்கிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தவர், எழவில்லை. அரை மணிக்கொரு தரம் வெறுங்காலால் நெல்லைக் கிளறி நடந்தே நாற்பது வருடம் மில்லை ஓட்டியவர். காலடியில் கலகலவென்றால்தான் காய்ந்த நெல் என்பார். அந்தச் சிமெண்டுக் களத்தில் இப்போது பந்தலும் நாற்காலிகளும்.

மில் ஆபரேட்டர் குணசேகரன் வந்து குனிந்தார்.

“பாப்பா, அறுபது மூட்டை சூட்டோட குமிஞ்சு கெடக்கு. இன்னிக்குக் காயலேன்னா நாறிப்போயிடும். ஊரான் நெல்லு.”

“டிரையரை ஓட்டுங்கண்ணே.”

அண்ணன் டேவிட்சன் திரும்பினான். “அப்பா கெடக்கையிலயா? அவ்வளவு பெரிய களம் இருக்க, நெல்ல பொட்டியில போட்டு வறுக்கணுமான்னு நீ வாங்கிவச்ச மெஷின ரெண்டு வருசமா தொட விடாத மனுசன்.”

“அவரு படுத்திருக்கிற எடத்துலதான் நெல்லு காயணும். எழுப்பிப் பாக்குறியா?”



கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தாள். இயந்திரத்தில் தூசி இல்லை. உமி அடுப்பில் புதுச் சாம்பல்.

“யாருண்ணே ஓட்டினது?”

குணசேகரன் தலையைச் சொறிந்தார். “மொதலாளிதான். ஞாயித்துக்கிழமை நீ பூசைக்குப் போனதும் ஓட்டுவோம். நாலு தடவ. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டப் போயி மாதா மேல சத்தியம் வாங்கிட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“நல்லாத்தான் காயுது, மழைக்கும் பயமில்லன்னாரு. அப்புறம் அவரே மூடிட்டாரு. ‘இது ஓடுனா நான் எங்கடா நடப்பேன்’னாரு.”

விண்ணரசி சுவிட்சைப் போட்டாள்.

நான்கு மணிக்குக் கோயில் மணி அடித்து அப்பாவைத் தூக்கியபோதும் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. கல்லறையிலிருந்து திரும்பி வந்தபோது பந்தலைப் பிரித்திருந்தார்கள்.

“ஈரம் பதினாலுக்கு வந்துட்டு பாப்பா. மூட்டை புடிச்சிடலாம்.”

“ஒரு மூட்டைய மட்டும் களத்துல கொட்டுங்கண்ணே.”

“மீட்டரே சொல்லிடுச்சே.”

“கொட்டுங்க.”

நெல் வெதுவெதுப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை காலால் கோடிழுத்து நடந்தாள். திரும்பி, பக்கத்தில் இன்னொரு கோடு. கலகலவென்றது.

குணசேகரன் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். அவள் இன்னும் ஒரு கோடு போனாள்.