நிழல் காலடிக்கு வரும் நேரம்

அன்று காலை தங்கமணி அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்தபோது, சபாபதி ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, உப்பு போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றாள்.

"யாரு பார்த்தா?"

"உங்க நாக்கு பார்க்கும். தின்னுட்டுக் கிளம்புங்க."

சிரித்துக்கொண்டே தின்றார். உப்பு குறைவுதான். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் எந்த வீட்டிலும் உப்பு குறைவுதான். மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

யாரு பார்த்தா என்ற அந்தக் கேள்வி வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு வந்தது. சபாபதி உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். ராஜா குளம் வெட்டினார், கோட்டை பிடித்தார் என்று பாடத்தில் வந்தால் பையன்கள் உடனே எழுதிக்கொள்ளக் கூடாது. யார் பார்த்தது, பார்த்தவன் யாருடைய சோற்றைத் தின்றவன் என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். கேட்காதவனைத் திட்ட மாட்டார். அப்படியென்றால் நான் சொல்வதெல்லாம் உண்மைதானா என்று அவனையே வருத்தமாகக் கேட்பார். பிரம்படியே தேவலாம் என்றிருக்கும் பையன்களுக்கு.

பிறகு ஜப்பான்காரர்கள் சரித்திரப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சரித்திர நேரம் மரவள்ளி நடும் நேரமானது. ஊர்க் கடிகாரங்களைத் தோக்கியோ மணிக்கு முன்னே தள்ளி வைத்தார்கள். சபாபதி தோட்டத்து நடுவில் ஒரு மண்வெட்டிக் காம்பை நட்டு, அதன் நிழல் காலடியில் சுருங்கும் உச்சிவேளையில் பள்ளிக் கடிகாரத்தைப் பார்த்து வரச் சொன்னார். அது இரண்டைத் தாண்டியிருந்தது. கடிகாரம் பொய் சொல்லுது சார் என்றான் ஒருவன்.

"அது பாவம், என்ன பண்ணும்? அதத் திருப்பி வச்சது யாருன்னு கேளு."

இதைக் கேட்டதும் தங்கமணி வாசல் கதவைச் சாத்தினாள். ஊர் கெட்டுக் கிடக்கிறது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்றாள். அவர் அவளைக் கொல்லைக்கு அழைத்துப்போய், துணி காயப்போடும் கொடிக்கம்பத்தின் நிழலைக் காட்டினார். அன்றிலிருந்து, நிழல் காலடிக்கு வரும் நேரம் பார்த்துத்தான் அவள் மதியத்துக்கு உலை வைத்தாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

உப்பு குறைந்த அந்த நாளில்தான் ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க ஒருவன் பள்ளித் திடலுக்கு வந்தான். மூன்று மாதம்தான், அரிசி உண்டு, கூலி உண்டு, திரும்பி வர ரயில் உண்டு என்றானாம். சபாபதி பையனைப் போலக் கையைத் தூக்கி, போனவர்களில் திரும்பி வந்த யாரையாவது நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டாராம். பையன்கள் சிரித்துவிட்டார்கள். வந்தவனும் சிரித்தான். நீயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று லோரியில் ஏற்றிக்கொண்டான். கூட வேலை பார்த்த ரெங்கசாமி வாத்தியார் வந்து இதைச் சொல்லிவிட்டு, அவர் தோளிலிருந்து கீழே விழுந்த துண்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு ஆட்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். செந்தூலிலிருந்து வாசு என்றொருவன் வந்து, வாத்தியார் வாந்திபேதியில் போய்விட்டார் என்றான். அடுத்த வீட்டு மாரியாயி கூந்தலை அவிழ்த்துக்கொண்டு அழ உட்கார்ந்துவிட்டாள்.

தங்கமணி அழவில்லை. "நீங்க பார்த்தீங்களா, தம்பி?"

அவன் விழித்தான். பார்க்கவில்லை, வேறு முகாமில் இருந்தான், பேசிக்கொண்டதைக் கேட்டதுதான்.

"அப்பத் தாலி கழுத்துல இருக்கட்டும்."

"என்னடி இது, கோர்ட்டா நடத்துற?" என்றாள் மாரியாயி.

சபாபதி அந்தக் கேள்வியை உண்மைக்காகக் கேட்டார். தங்கமணி, பார்க்கவில்லை என்ற பதிலுக்காகவே கேட்டாள். அது அவளுக்கும் தெரியும்.

வாசு கோபித்துக்கொள்ளவில்லை. சில வாரம் கழித்துக் கிள்ளானிலிருந்து கௌஸ் என்பவரைக் கூட்டி வந்தான். சண்டைக்கு முன்னால் துணி விற்றவர். வாசற்படியில் உட்காரவே அவருக்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

"நான் பார்த்தேன்க்கா. அங்கயும் ஜப்பான்காரன் மணிதான். வாத்தியார் ஒரு குச்சிய நட்டு வச்சிருப்பாரு. நிழல் காலடிக்கு வந்ததும், இப்பத்தான்யா உச்சி, எங்க வீட்டுல உலை வச்சிருப்பா அப்படின்னுவாரு. தெனமும் சொல்வாரு, நாங்க கிண்டல் பண்ணுவோம். அவரு கண்ண மூடினதும் நானும் இன்னொருத்தரும்தான் அவரத் தூக்கிட்டுப் போனோம். குச்சியப் பிடுங்க மனசு வரல, அப்படியே விட்டுட்டோம்."

நிழல் பார்த்து உலை வைப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவர் மட்டும்தான் அறிந்திருந்தார். சபாபதியின் இரண்டாவது கேள்வி மிச்சமிருந்தது, பார்த்தவன் யாருடைய சோற்றைத் தின்றவன் என்பது. தங்கமணி கௌஸின் எலும்பு துருத்திய மணிக்கட்டைப் பார்த்தாள். அவர் யாருடைய சோற்றையும் தின்றவர் இல்லை.

அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு தாலியைக் கையில் பிடித்தபடி வேலிப்பக்கம் போய், "வாங்கக்கா" என்று மாரியாயியைக் கூப்பிட்டாள்.

அதற்குள் வெள்ளைக்காரன் வந்து கடிகாரங்களைப் பழையபடி திருப்பி வைத்திருந்தான். பள்ளியில் மதிய மணி அடித்தது. தங்கமணி கொல்லைக்குப் போனாள். வெறும் கொடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நிழல் கம்பத்தின் காலடியில் கிடந்தது. அவள் உள்ளே வந்து உலை வைத்தாள்.